செக்கன்ட் பேஸ் மெற்றில்டா

ஒரு பெண் குறைந்தாள். கென் திரும்பவும் எண்ணிப் பார்த்தான். எப்படி எண்ணினாலும் இரண்டு பேர்தான் நின்றார்கள். பேஸ்போலின் தம்பியான சொஃப்ட்போலை ஆணும் பெண்ணும் கலந்து ஆடுகிற அந்த லீக்கில் ஒவ்வொரு அணியிலும் மூன்று பெண்களாவது மைதானத்தில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பந்தைத் தொடாமலே தோற்றுப்போக வேண்டியதுதான். செக்கன்ட் பேஸில், அடித்தவன் ஓடிச் சுற்றுகிற நாலு மூலைகளில் இரண்டாவதில், நிற்கிற ஷேர்லி அன்று காலை பல்வலி என்று படுத்துவிட்டாள். எதிரணிக்காரர்கள் வேலியோரம் நின்று, வியர்வை சிந்தாமல் கிடைக்கப்போகிற வெற்றியை நினைத்துச் சூரியகாந்தி விதை கொறித்துத் துப்பிக்கொண்டிருந்தார்கள். கென்னின் பார்வை மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி, பலகை வாங்கில் உட்கார்ந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்த மெற்றில்டாவில் வந்து நின்றது.

“கஸ்பர், அது உன் மனைவிதானே?” என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு மே மாதம் அது. ஸ்காபரோவில் ஐஸ்கிரீம் டப்பாக்களுக்கு மூடி செய்கிற பிளாஸ்டிக் தொழிற்சாலையில் கஸ்பர் மெஷின் ஓட்டினான். கென் அவனுக்கு சுப்பர்வைசர், அணிக்கும் தலைவன். அந்த அணியில் இடம் கேட்டுக் கேட்டு, போன வாரம்தான் ரைட் ஃபீல்டில் நிற்க அனுமதி கிடைத்திருந்தது. ரைட் ஃபீல்ட் என்பது பந்து அதிகம் போகாத மூலை. கனடாவுக்கு வந்த முதல் குளிர்காலம் முடிந்து வேலை தேடி அலைந்த நாட்களில், அறையில் கிடந்த பழைய ரெலிவிஷனில் பேஸ்போல் பார்க்கத் தொடங்கியவன் அவன். மொழி முழுதாக விளங்காத காலத்திலேயே ஆட்டம் விளங்கிவிட்டது. யார் எப்போது எதற்கு ஓடுகிறான், யார் ஏன் ஓடாமல் நிற்கிறான் என்பதெல்லாம் அவனுக்குக் கண்ணாடிபோல் தெரியும். ஒரேயொரு குறை, பந்து அவனை நோக்கி வரும்போது கண் தானாக மூடிக்கொள்ளும்.

“அவவுக்கு ஒண்டும் தெரியாது,” என்று கென்னுக்குச் சொல்லவேண்டியதைத் தமிழில் சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் திருத்திச் சொன்னான்.

மெற்றில்டா விதையை உள்ளங்கையில் துப்பிவிட்டு நிமிர்ந்தாள். “என்னவாம்?”

“ஆள் காணாதாம். உமக்கு விளங்காது, விடும்.”

“சும்மா நிக்கிறதுதானே? எங்க நிக்கவேணும் எண்டு கேளுங்கோ.”

பாவாடையும் கம்பளிச் சட்டையும் போட்டிருந்தாள். சப்பாத்தும் விளையாடுகிற சப்பாத்தில்லை. அணியில் ஷோர்ட்ஸ்டொப்பில், அதாவது செக்கன்ட் பேஸுக்கும் தேர்ட் பேஸுக்கும் நடுவில், ஆடுகிற டெல்றோய், ஜமெய்க்காக்காரன், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், அவளைச் செக்கன்ட் பேஸுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தினான். பந்து வந்தால் பிடி, பிடித்தால் அந்தா அந்த ஆளிடம் எறி என்று கையால் காட்டிக் கொடுத்தான். கஸ்பர் ரைட் ஃபீல்டில் நின்று தொப்பியை இழுத்துவிட்டு, அந்தோனியாரே பந்து அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளும் என்று வேண்டினான்.

இரண்டாவது ஆளின் அடியே அந்தப் பக்கம்தான் போனது. புல்லை உரசிக்கொண்டு பாய்ந்து வந்த பந்தை நோக்கி மெற்றில்டா பக்கவாட்டில் ஓடினாள். ஓடும்போதே இடக்கையில் மாட்டியிருந்த தோல் கையுறையை உதறி எறிந்தாள். வெறும் இரண்டு கையாலும் பந்தை வாரி, ஊன்றிய காலை அசைக்காமல் மற்றக் காலைச் சுழற்றித் திரும்பி, நெஞ்சிலிருந்து தள்ளிவிட்டாள். முதல் பேஸில் நின்றவனின் கையில் பந்து பட்ட சத்தம் கேட்டபோது அடித்தவன் அந்த மூலைக்குப் பாதி வழிகூட வந்திருக்கவில்லை. அவன் அவுட். டெல்றோய் தலையில் கைவைத்துக்கொண்டு பெரிதாகச் சிரித்தான்.

மெற்றில்டா கையுறையைப் பொறுக்கி எடுத்துக் கஸ்பரைப் பார்த்துக் கத்தினாள். “உது கைக்கு மறிக்குது!”

அவள் கொன்வென்ற்றில் படிக்கும்போது வலைப்பந்து ஆடியவள் என்பது கஸ்பருக்குத் தெரியும். கல்யாணம் பேசும்போது அவளின் தமையன் சொல்லியிருந்தான். நல்லாகச் சமைப்பா, கோயில் பாட்டுக்குழுவில் பாடுவா என்பதோடு சேர்த்துச் சொன்ன ஒன்று. அன்று அதைக் கஸ்பர் காதில் வாங்கவில்லை. வலைப்பந்தில் பந்து கைக்கு வந்தபின் ஓடக்கூடாது. ஊன்றிய கால் ஊன்றியபடி இருக்க, உடம்பைத் திருப்பி, நினைக்க நேரமில்லாமல் அடுத்தவளுக்குக் கொடுத்துவிட வேண்டும். செக்கன்ட் பேஸில் நிற்கிறவனுக்கு வேண்டியதும் அதுதான். பெரிய ஆட்டக்காரர்கள் வருடக்கணக்காகப் பழகி எடுக்கிற அந்தத் திரும்பலை அவள் பதினாலு வயதிலேயே பழகி வைத்திருந்தாள். என்ன செய்கிறோம் என்பதுதான் அவளுக்குத் தெரியாது. அந்தப் பின்னேரம் குசினி மேசையில் கஸ்பர் உப்புப் போத்தல், மிளகாய்த்தூள் போத்தல், சீனிப் போத்தல், தேயிலைப் போத்தல் எல்லாவற்றையும் நாலு மூலையிலும் வைத்து விளக்கத் தொடங்கினான். அவள் கேட்டுக்கொண்டே வெங்காயம் வெட்டினாள். ஒரேயொரு கேள்விதான் கேட்டாள். “ஒரு பந்தில ரெண்டு பேரை அவுட்டாக்கலாமோ?”

“ஓம். அதுக்குப் பேர் டபிள் பிளே. லேசில வராது.”

“ம்,” என்றாள்.

ஷேர்லிக்குப் பல் சுகமானபோது அவளுடைய இடம் போய்விட்டிருந்தது. அவள் சந்தோஷமாக லெஃப்ட் ஃபீல்டுக்குப் போனாள். தன்னிடம் பந்து வருவதில் அவளுக்கு ஒருநாளும் விருப்பம் இருந்ததில்லை. தொழிற்சாலைக்காரரும் அவர்களின் துணைவர்களும் ஆடலாம் என்று விதி சொன்னதால், வேறொரு இடத்தில் ஆஸ்பத்திரிச் சலவை வேலை செய்த மெற்றில்டாவுக்கு முதுகில் ‘மெட்டி’ என்று எழுதிய நீலச் சட்டை கிடைத்தது. அந்தக் கோடையில் லீக்கில் இருந்த மற்ற அணிகள் அவளைச் சோதித்துப் பார்த்தன. ஒஷாவாவிலிருந்து வரும், கார்ப் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையின் அணியில் ஒவ்வொருவனும் கதவு நிலைக்கு அளவெடுத்தவன்போல் இருப்பான். அவர்கள் சொல்லிவைத்ததுபோல் எல்லா அடியையும் அவள் பக்கமே அடித்தார்கள். இரண்டாம் ஆட்டத்தோடு அதை விட்டுவிட்டார்கள். பிறகு அவர்களின் கப்டன் மட்டையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் முதலில் அவள் எங்கே நிற்கிறாள் என்று பார்ப்பான். அப்படிப் பார்க்கிற ஒவ்வொரு தரமும் கஸ்பருக்கு முதுகெலும்பில் ஏதோ ஊர்ந்தது.

அது பெருமை மட்டுமில்லை. அடுத்த வருடம் சீசன் தொடங்கியபோது கென் அவனைத் தனியே கூப்பிட்டு, தோளில் கைபோட்டு, ரைட் ஃபீல்டுக்கு ஒரு புதுப் பொடியன் வந்திருப்பதாகச் சொன்னான். “உனக்கு ஆட்டம் தெரியும், கஸ்பர். நீ தேர்ட் பேஸுக்குப் பக்கத்தில் நின்று ஓடுகிறவர்களை ஓடு, நில் என்று அனுப்பு.” கஸ்பர் சிரித்துத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, சில வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். அவள் சட்டையைத் தோய்த்துக் காயப்போட்டால் பார்க்காதவன்போல் போனான். பார்க்குக்கு வரக் கால் நோகிறது என்றான். மெற்றில்டா தானே பஸ் எடுத்துப் போனாள், வந்தாள், வென்றோம் தோற்றோம் என்று ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை பொறுக்கமாட்டாமல் பின்னாலேயே போய், கார் நிறுத்துகிற இடத்தில் காருக்குள் இருந்தபடியே பார்த்தான்.

அன்றுதான் அது நடந்தது. டெல்றோயிடம் பந்து போனது. அவன் பார்க்காமலே பக்கத்தில் தட்டிவிட்டான். அவன் தட்டிய இடத்தில் யாரும் இல்லை. மறுகணம் மெற்றில்டா இருந்தாள். கால் பேஸில் பட்டது, உடம்பு சுழன்றது, பாய்ந்து வந்தவனுக்கு மேலால் பந்து முதல் பேஸுக்குப் போனது. ஒரு பந்து, இரண்டு பேர் அவுட். கஸ்பர் காரை விட்டு எப்படி இறங்கினான், எப்போது வேலிக்குக் கிட்டப் போனான் என்று அவனுக்கே தெரியாது. கத்திய கத்தில் தொண்டை கட்டி, திங்கட்கிழமை வேலைக்குப் போனபோது காற்றுத்தான் வந்தது. அதற்குப் பிறகு ஒரு ஆட்டமும் அவன் தவறவிடவில்லை.

நகரத்தின் பெரிய அணி இரண்டு வருடம் அடுத்தடுத்துக் கிண்ணம் வென்ற காலம் அது. சனம் யங் வீதியில் இறங்கி ஹோர்ன் அடித்தது. தமிழ்க் கடைகளில்கூட நீலத் தொப்பி தொங்கியது. அந்த அணியின் செக்கன்ட் பேஸ்காரனை ரொறன்ரோ தலையில் வைத்துக் கொண்டாடியது. கஸ்பர் ரெலிவிஷனில் அவன் பாய்ந்து விழுந்து பிடிக்கும்போது சோபாவில் துள்ளுவான். மெற்றில்டா துள்ளமாட்டாள். நிலத்தில் சம்மணம் கொட்டி, ரெலிவிஷனுக்குக் கிட்ட இருந்து, அவனுடைய காலை மட்டும் பார்ப்பாள். பிறகு எழும்பி ஹோலில் இரண்டு மூன்று தரம் மெல்ல நடந்து பார்ப்பாள். தொண்ணூற்றிநாலில் பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாரும் ஓகஸ்ட் மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிண்ணமும் இல்லை, ஆட்டமும் இல்லை. தொழிற்சாலையில் ஆட்கள் பேயறைந்ததுபோல் திரிந்தார்கள். அந்த வருடக் கடைசியில் பேஸ்போல் பார்க்கவேண்டுமென்றால் மெற்றில்டா ஆடுகிற இடத்துக்குத்தான் போகவேண்டும் என்று கஸ்பர் பகிடியாகச் சொன்னான். சொன்னது பலித்தது. வேலியோரம் மடக்குக் கதிரைகளோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வோபர்னில் மீன் வாங்கப் போனால், கடைக்காரர் மெற்றில்டாவைப் பார்த்து, “செக்கன்ட் பேஸ் அக்கா, பாரை மீன் நல்லதா வந்திருக்கு,” என்றார்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பார்க்கவேண்டிய டொக்டர்களைப் பார்த்தாயிற்று, வைக்கவேண்டிய நேர்த்திகளை வைத்தாயிற்று. வீட்டுக்குள் அதைப் பற்றிப் பேசுவதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். வெளியே போனால்தான் தெரியும். ஒரு வீட்டில் கைக்குழந்தையைத் தூக்கக் கை நீட்டினால் தாய்க்காரி அரைக் கணம் தயங்குவாள். அந்த அரைக் கணத்தை மெற்றில்டா பார்த்துவிடுவாள், கையை மடக்கிக்கொள்வாள். பந்தைப் பிடிக்கிற கண் அது, எதையும் தவறவிடாது.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஓகஸ்ட்டில் கஸ்பரின் தங்கை றெஜினா போன் எடுத்தாள். அவள் மகள் ஸ்டெபனி பெரியபிள்ளை ஆகியிருந்தாள். சடங்கு சனிக்கிழமை என்று நாள் வைத்திருந்தார்கள். காலை வீட்டில் தண்ணீர் வார்ப்பு, பின்னேரம் மண்டபம். அதே சனிக்கிழமை காலைதான் ஒஷாவாக்காரரோடு இறுதி ஆட்டம். கஸ்பர் அதைச் சொல்ல வாயெடுக்கும் முன் றெஜினாவே அவசரமாகத் தொடங்கினாள்.

“அண்ணை, குறை நினையாதேங்கோ. நீங்கள் மாமன், நீங்கள் கட்டாயம் முன்னுக்கு நிக்கவேணும். தண்ணி வாக்கிறதுக்கு மட்டும் இவற்ற தமக்கையைக் கேட்டிருக்கிறன். அவ மூண்டு பிள்ளை பெத்தவ. இவற்ற ஆக்கள் ஒரு மாதிரி, உங்களுக்குத் தெரியும்தானே. மச்சாளை ஆறுதலா மண்டபத்துக்கு வரச் சொல்லுங்கோ.”

கஸ்பர் ரிசீவரைப் பிடித்தபடி நின்றான். “சரி,” என்று மட்டும் வந்தது.

மெற்றில்டா சோபாவிலிருந்து, சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டு கேட்டாள். “றெஜினாவே? என்னவாம்?”

“சனிக்கிழமை தண்ணி வார்வையாம். நீர் மட்ச்சை விளையாடிப்போட்டு ஆறுதலா மண்டபத்துக்கு வந்தால் போதுமாம்.”

ஊசி ஒரு கணம் நின்றது. பிறகு அவள் சிரித்தாள். “நல்லதாப் போச்சு. நானும் எப்பிடிச் சொல்லுறது எண்டு யோசிச்சுக்கொண்டிருந்தனான்.” அந்தச் சிரிப்பு கஸ்பருக்குத் தெரிந்த சிரிப்பு. அவன் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் குசினிக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றான்.

சனிக்கிழமை காலை அவளைப் பார்க்கில் இறக்கிவிட்டு, பட்டு வேட்டியோடு றெஜினா வீட்டுக்குப் போனான். வீட்டுப் பின்வளவில் பந்தல்போல் துணி கட்டி, ஸ்ரூலுக்கு வெள்ளை விரித்து, குடங்களில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து வாழ்த்துச் சொன்னார். வீடியோக்காரன் வயரை இழுத்துக்கொண்டு திரிந்தான். ஆசீர்வாதம் கொடுக்கவந்த சுவாமியார் ஹோலில் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கஸ்பர் சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்தான், சுகம் விசாரித்தவர்களுக்குச் சுகம் சொன்னான். அவன் மனம் மட்டும் மைதானத்தில் நின்றது. இப்போது இரண்டாவது இன்னிங்ஸ் முடிந்திருக்கும். இப்போது அந்தக் கப்டன் மட்டையோடு வருவான்.

ஸ்டெபனியை மாடியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தார்கள். பதின்மூன்று வயது. பாதி அலங்காரம், தலையில் பூ, கண்ணில் எரிச்சல். மூன்று வயதில் கனடாவுக்கு வந்தவள். பள்ளிக்கூட அணியில் அவளும் சொஃப்ட்போல் ஆடினாள். வாசலில் கஸ்பரைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

“மாமா, வை ஆர் யூ ஹியர்? இண்டைக்குத்தானே ஃபைனல்?”

“நான் உன்ர மாமன். நான் நிக்கவேணும்.”

“அப்ப மாமி? ஷீ இஸ் மை மாமி, ரைட்? அவதானே தண்ணி ஊத்தவேணும். அம்மா சொன்னவ, மாமிக்கு இதில இன்ரஸ்ற் இல்லை, மட்ச்தான் முக்கியம் எண்டு.”

கஸ்பர் தங்கையைப் பார்த்தான். றெஜினா பூத்தட்டில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வியர்த்திருந்தது. பாவம், ஒரு பக்கம் புருஷன் வீட்டுச் சனம், ஒரு பக்கம் தமையன். கஸ்பருக்கு அவள்மேல் கோபம் வரும் என்று பார்த்தால் வரவில்லை. தன்மேல்தான் வந்தது. போனில் “சரி” என்று சொன்ன அந்த வாயின்மேல்.

“இல்லைப் பிள்ளை,” என்றான். குரல் அவன் நினைத்ததைவிட உரமாக வந்தது. “மாமி மாட்டன் எண்டு சொல்லேல்லை. அவவை ஒருத்தரும் கேக்கேல்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை எண்டு கேக்கேல்லை. நானும் பேசாமல் இருந்திட்டன்.”

ஒரு கிழவி தொண்டையைச் செருமினாள். ஸ்டெபனி தாயைப் பார்த்தாள், மாமனைப் பார்த்தாள். பிறகு சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் வார்க்கிற அந்த ஸ்ரூலில் போய்ப் பொத்தென்று இருந்தாள். “தட் இஸ் ஸோ டம். சுத்த மடைத்தனம்,” என்றாள். “நான் இதிலயே இருக்கிறன். மாமி வந்தால் ஊத்தலாம். இல்லாட்டி ஒருத்தரும் ஊத்த வேண்டாம். மாமா, நீங்கள் போங்கோ. வின் பண்ணிப்போட்டு வாங்கோ.”

கஸ்பர் றெஜினாவின் முன்னால் வந்து நின்றான். “மாமன் எண்டால் நானும் அவளும்தான், றெஜினா. தனிய நான் ஒண்டுமில்லை.”

றெஜினா தலை நிமிரவில்லை. பூவைத் தட்டில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்றினாள். பிறகு மெல்லச் சொன்னாள். “சுவாமியாருக்கு இன்னும் ரெண்டு வடை குடுக்கிறன். கெதியா வாங்கோ.”

அவன் காரை ஓட்டிய வேகத்தை இங்கே எழுத வேண்டாம். மைதானத்துக்குள் பட்டு வேட்டியோடு ஓடி வந்தவனைப் பார்த்ததும் வேலியோரக் கதிரைகளிலிருந்து விசில் பறந்தது. ஆட்டம் முடியும் தறுவாய். இரண்டு பக்கமும் சமன். கஸ்பரின் அணி அடித்துக்கொண்டிருந்தது. தேர்ட் பேஸ் பக்கம் ஆள் இல்லாமல் கென் தானே நின்று திணறிக்கொண்டிருந்தான். கஸ்பரைக் கண்டதும் ஒரு வார்த்தை கேட்காமல் விலகினான். பலகை வாங்கிலிருந்த மெற்றில்டா எழும்பி நின்றாள்.

“ஏன் வந்தனீங்கள்? அங்க என்ன நடந்தது?”

“பிள்ளை உமக்காகக் காத்துக்கொண்டு இருக்குது. நீர்தான் தண்ணி வாக்கவேணுமாம். மாட்டன் எண்டு ஸ்ரூலில குந்திக்கொண்டிருக்கு.”

அவள் தொப்பியைக் கழற்றி, திரும்பப் போட்டாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

டெல்றோய் செக்கன்ட் பேஸில் நின்றபோது ஷேர்லி ஒன்றைத் தட்டிவிட்டாள். பந்து நடு ஃபீல்டுக்கு உருண்டது. வேறு யாராக இருந்தாலும் டெல்றோயை நிறுத்தியிருப்பார்கள். ஆனால் பந்தை எடுக்கப்போனவன் முந்தின இன்னிங்ஸில் தோளைப் பிடித்துக்கொண்டதைக் கென் விலகும்போது சொல்லியிருந்தான். அவனால் பலமாக எறிய முடியாது. கஸ்பர் கையைக் காற்றாடிபோல் சுழற்றினான். “ஓடு, ஓடு, ஓடு!” என்று தமிழில் கத்திக்கொண்டு, தானும் கோட்டுக்கு வெளியே பக்கத்தில் ஓடினான். வேட்டி அவிழத் தொடங்கியது. ஒரு கையால் வேட்டியையும் மறுகையால் டெல்றோயையும் பிடித்து இழுப்பவன்போல் அவன் ஓடிய ஓட்டம் பிறகு பல வருடம் தொழிற்சாலையில் நடித்துக் காட்டப்பட்டது. டெல்றோய் சறுக்கி வந்து விழுந்தான். அவுட் இல்லை என்று நடுவர் கையை விரித்தார். ஒரு ஓட்டம் முன்னுக்கு.

ஒஷாவாக்காரருக்குக் கடைசி வாய்ப்பு. மூன்று பேர் அவுட்டானால் ஆட்டம் முடியும். ஒருவன் அவுட். பிறகு இரண்டு பேர் தொடர்ந்து அடித்துப் பேஸில் ஏறிவிட்டார்கள். அவர்களின் கப்டன் மட்டையோடு வந்தான். வழக்கம்போல் முதலில் மெற்றில்டா எங்கே நிற்கிறாள் என்று பார்த்தான். பிறகு மற்றப் பக்கம் அடித்தான். பலமான அடி, நிலத்தில் மோதி டெல்றோயிடம் போனது. டெல்றோய் பார்க்காமல் தட்டினான். கஸ்பருக்குக் கண் மூடவில்லை. அவள் வந்ததைப் பார்த்தான், கால் பேஸை உரசியதைப் பார்த்தான், முதல் பேஸிலிருந்து எருமைபோல் வந்தவன் அவள் காலடியில் சறுக்கியதைப் பார்த்தான். அவள் மேலே எழும்பினாள். எழும்பியபடியே எறிந்தாள். அந்தரத்தில் அவள் முகத்தில் ஒரு கவலையும் இல்லை. குளித்துவிட்டு வந்த பிள்ளையின் முகம்போல் இருந்தது. முதல் பேஸில் பந்து போய் ஒட்டிக்கொண்ட சத்தத்துக்குப் பிறகு அவன் காதில் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாரும் வாயைத் திறந்து துள்ளுவது மட்டும் தெரிந்தது. ஒஷாவாக் கப்டன் பாதி வழியில் நின்று, தொப்பியைக் கழற்றி, செக்கன்ட் பேஸ் பக்கம் பார்த்து ஆட்டினான்.

கிண்ணத்தை வாங்கக்கூட அவர்கள் நிற்கவில்லை. கார் றெஜினா வீட்டுக்கு வந்தபோது பின்னால் டெல்றோயின் வானும் வந்தது. அதற்குள் பாதி அணி இருந்தது. மெற்றில்டாவின் முழங்காலில் சிவப்பு மண், முழங்கையில் உரசல், கன்னத்தில் வியர்வைக் கோடு. வாசலில் றெஜினா நின்றாள். கையில் மடித்த பட்டுச்சேலை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“மச்சாள்,” என்றாள் றெஜினா. சேலையை நீட்டினாள். “உள்ளுக்கு வந்து முகம் கழுவுங்கோ. இது என்ர கூறைச்சேலை. நீங்கள் கட்டவேணும் எண்டு எடுத்து வைச்சனான்.”

மெற்றில்டா தன் கையைப் பார்த்தாள், சேலையைப் பார்த்தாள். “ஊத்தையாப் போகும், றெஜினா.”

“போனால் போகட்டும்.”

“மாமி!” என்று பின்வளவிலிருந்து ஸ்டெபனி கத்தினாள். “டோன்ற் சேஞ்ச்! எனக்குக் கால் விறைச்சுப்போச்சு!”

றெஜினாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. இரண்டையும் அடக்கமாட்டாமல் சேலையை அப்படியே மெற்றில்டாவின் நீலச் சட்டைக்கு மேலால் தோளில் போர்த்திவிட்டு, கையைப் பிடித்துப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். புருஷன் வீட்டுக் கிழவிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று பிள்ளை பெற்ற, றெஜினா புருஷனின் தமக்கை மட்டும் எழும்பி வந்து, பாலும் அறுகும் வைத்த தட்டை மெற்றில்டாவின் கையில் தானே கொடுத்தாள். டெல்றோயும் மற்றவர்களும் வேலியோரம் வரிசையாக நின்று, தொப்பியைக் கழற்றவேண்டுமா என்று கஸ்பரிடம் சைகையால் கேட்டார்கள். கஸ்பருக்கே தெரியவில்லை. தலையாட்டி வைத்தான். எல்லாரும் கழற்றினார்கள்.

மெற்றில்டா குடத்தைத் தூக்கினாள். ஸ்டெபனியின் உச்சியில் தண்ணீர் விழுந்தது. வெயிலில் இருந்தாலும் குழாய்த் தண்ணீரின் குளிர் போகவில்லை. பிள்ளை வீரிட்டுக் கத்தி, தலையை இரண்டு பக்கமும் உதறினாள். பட்டுச்சேலைகளெல்லாம் சிரித்துக்கொண்டு பின்னால் சிதறி ஓடின. வீடியோக்காரன் கமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குனிந்தான். நடுவில் மெற்றில்டா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள், முகமெல்லாம் தண்ணீர் வழிய. வெறுங்குடத்தைப் பார்க்காமலே பின்னால் நீட்டினாள். றெஜினா இரண்டு கையாலும் அடுத்த குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.